விளக்கு அணைந்தது, வால்வு மூடவில்லை

1979 மார்ச் 28, விடியற்காலை நான்கு மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குவஹானா ஆற்றுத் தீவு ஒன்றில் இருக்கும் த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில், நீரை அனுப்பும் பம்புகள் நின்றுபோயின. உலையின் அழுத்தம் ஏறியது. அதைத் தணிப்பதற்கென்றே இருந்த வால்வு தானாகத் திறந்தது. அதுவரை எல்லாம் வடிவமைத்தபடிதான் நடந்தது. அழுத்தம் இறங்கியதும் வால்வு மூட வேண்டும். மூடுவதற்கான மின்கட்டளை போயிற்று. கட்டுப்பாட்டு அறைப் பலகையில் அதற்குரிய விளக்கும் அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. அந்த விளக்குக்கு வால்வின் நிலை தெரியாது. வால்வை இயக்கும் மின்சுருளுக்கு மின்சாரம் போகிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, உலையைக் குளிர்விக்க வேண்டிய நீர் அந்த வழியாகவே வெளியேறிக்கொண்டிருந்தது. அந்த நீர் போய்ச் சேர்ந்த தொட்டியின் நிலையைக் காட்டும் மானி ஒன்றும் இருந்தது. அதைப் பலகையின் பின்பக்கத்தில் வைத்திருந்தார்கள். உலை மையத்தில் ஏறத்தாழப் பாதி உருகிப்போனது என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் முழுமையாகத் தெரியவந்தது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1994 ஜூலை 24 அன்று, வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவனில் இருந்த டெக்சாகோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இதே தவறு தலைகீழாக நடந்தது. காலையில் இடியும் மின்னலுமாக ஆலை நிலைகுலைந்தது. அந்தக் குழப்பத்தில் ஒரு வால்வு மூடிக்கிடக்க, திரை அதைத் திறந்திருப்பதாகக் காட்டியது. போக வழியில்லாமல் திரவம் சேர்ந்துகொண்டே போனது. வெடிப்புக்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் மட்டும் இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்து விழுந்தன. அந்த ஆலையில் வைத்திருந்த 2,040 அலாரங்களில் 87 சதவீதம் ‘மிக முக்கியம்’ என்ற வகையில் இருந்தன. எல்லாமே முக்கியம் என்றால் எதுவுமே முக்கியம் இல்லை என்றாகிவிடுகிறது. ஏறத்தாழ 20 டன் எரிபொருள் வெளியேறி, வெடித்துத் தீப்பற்றியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆலையில் ஆள் குறைவு. 26 பேர் காயத்தோடு தப்பினார்கள்.

முதலாவதில் வால்வு திறந்திருக்க மூடியதாகப் பலகை சொன்னது; இரண்டாவதில் மூடியிருக்கத் திறந்ததாகத் திரை சொன்னது. இட்ட கட்டளை வேறு, நடந்த காரியம் வேறு. இந்த வேறுபாட்டைக் காட்டாத திரையைக் கண்ணுக்கு எவ்வளவு அழகாகச் செய்தாலும் பயனில்லை. இன்றைய ஆலைகளில் இதே பிழை இன்னும் ஒரு படி உள்ளே போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. வால்வைக் காட்டும் திரையை ஓட்டுவது ஒரு கணினி. அந்தக் கணினியே இப்போது நிஜக் கணினி இல்லை.

அது எப்படி என்று பார்க்கலாம். 1975-ல் ஹனிவெல் நிறுவனம் டி.டி.சி. 2000 என்ற அமைப்பையும், ஜப்பானின் யோகோகாவா சென்டம் என்ற அமைப்பையும் கொண்டுவந்தன. ஆலை முழுவதும் பரவிய கட்டுப்பாட்டுப் பெட்டிகளை ஒரே அறையில் இருந்து பார்க்க வழி செய்த டி.சி.எஸ். வகையின் முன்னோடிகள் இவை. தொடக்கத்தில் திரைகள் முதல் கம்பிகள் வரை எல்லாமே அந்தந்த நிறுவனம் செய்தவை. 1990-களில் விலை மலிந்த பி.சி.யும் விண்டோஸும் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தன. எமர்சன் நிறுவனத்தின் டெல்டாவி 1996-ல் வந்தது. செலவு குறைந்தது, பழகிய திரை கிடைத்தது. கூடவே ஒரு தலைவலியும் வந்து சேர்ந்தது.

ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையை முப்பது ஆண்டு ஓட்டலாம் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள். பி.சி.யின் ஆயுள் ஐந்து ஆண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்தது. அதற்குப் பின்னும் அதன் மேல் ஓடிய ஆலைகள் உலகெங்கும் இருந்தன. பழைய மதர்போர்டு எரிந்துபோனால் அதே வகையைத் தேடிப் பழைய சாமான் சந்தை வரைக்கும் அலைய வேண்டும். புதிய கணினியிலோ பழைய விண்டோஸ் ஏறாது.

இங்கேதான் மெய்நிகர் கணினி, பொறியாளர்கள் வாயில் வி.எம்., கைகொடுத்தது. யோசனை பழையது: ஐ.பி.எம்.மின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் சிபி-40 என்ற அமைப்பு 1967-லேயே ஒரு பெரிய கணினியைப் பல கணினிகளாகக் காட்டி ஓடியது. பழைய சென்னையின் ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிவாசல் ஒன்று, கிணறு ஒன்று, மேலே கூரை ஒன்று. உள்ளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு, தனிக் கதவு, தனிப் பூட்டு. கிணற்றில் யார் எப்போது இறைப்பது என்பதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அந்த வீட்டுக்காரர். ஒரு சர்வரின் நினைவகத்தையும் வட்டையும் பகிர்ந்து கொடுத்து, பத்து இருபது விண்டோஸ்களைக் குடிவைக்கிறது. ஒவ்வொன்றும் முழு வீடும் தன்னுடையது என்றே நம்புகிறது. பழைய விண்டோஸுக்குக் கீழே இருக்கும் இரும்பு மாறினால் அதற்குத் தெரியாது.

இன்று ஒரு நடுத்தர ஆலையின் ஆபரேட்டர் நிலையங்கள், பொறியாளர் நிலையம், அளவுகளைச் சேமிக்கும் ஹிஸ்டோரியன், அலாரம் சர்வர் என எல்லாமே இரண்டு மூன்று பெரிய சர்வர்களில் வி.எம்.களாக உட்கார்ந்திருக்கலாம். ஆபரேட்டர் முன் இருப்பது வெறும் திரையும் ஒரு சின்னப் பெட்டியும். வால்வுகளை நேரடியாக ஆட்டுவிக்கும் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் இன்னும் தனிப் பெட்டிகள்தான். ஆகவே வி.எம்.கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தாலும் ஆலை உடனே நின்றுவிடாது. அது பாட்டுக்கு ஓடும். ஆபரேட்டருக்கு மட்டும் கண் தெரியாது. நின்றுபோன ஆலையைவிடக் கண்ணை மூடிக்கொண்டு ஓடும் ஆலை ஆபத்தானது என்பதை மில்ஃபோர்டு ஹேவனே காட்டிவிட்டது.

இந்த வி.எம்.களை உருவாக்கவும் நகர்த்தவும் அணைக்கவும் ஒரு மேலாண்மை மென்பொருள் வேண்டும். சந்தையில் இருந்தவை தரவு மையங்களுக்காக எழுதப்பட்டவை. வி.எம்.வேர் நிறுவனம் 1998-ல் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி 2008-ல் வந்தது. இவற்றை எழுதியவர்கள் கண்முன் வைத்திருந்தது, பகல் முழுதும் இதே வேலையாக இருக்கும் கணினி நிர்வாகியை. ஆலையிலோ இரவு ஷிப்டில் இந்தத் திரையைத் திறக்கப்போவது இன்ஸ்ட்ருமென்டேஷன் பொறியாளர். அவருக்கு பிரஷர் டிரான்ஸ்மிட்டரும் கன்ட்ரோல் வால்வும் அத்துப்படி. இந்த மென்பொருளைக் கடைசியாகத் தொட்டது ஆறு மாதம் முன்பாக இருக்கலாம்.

அவர் பார்க்கும் திரையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஹைப்பர்-வி மேலாளரில் ஒரு வி.எம். பெயர் மேல் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். அதில் ‘டர்ன் ஆஃப்’ என்று ஒன்று, அடுத்த வரியிலேயே ‘ஷட் டவுன்’ என்று ஒன்று. கேட்க இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. ஷட் டவுன், உள்ளே ஓடும் விண்டோஸிடம் முறையாகச் சொல்லி, கோப்புகளை மூடவைத்து அணைக்கிறது. டர்ன் ஆஃப் ப்ளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். பாதி எழுதிய தரவுத்தளம் பாதியிலேயே நிற்கும். அடுத்த வரி ‘சேவ்’. செய்த வேலையைப் பத்திரப்படுத்துவது என்றுதான் உலகத்தில் எல்லோரும் அதைப் படிப்பார்கள். இங்கே அதற்கு வேறு வேலை: வி.எம்.மை இருந்த இடத்திலேயே உறையவைத்து, நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு, ஓட்டத்தை நிறுத்துகிறது. நல்லெண்ணத்தோடு ஒருவர் சேவ் கொடுத்தால் ஆபரேட்டரின் திரை இருண்டுவிடும். வி.எம்.வேரிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. வி.எம்.மைப் பட்டியலில் இருந்து மட்டும் எடுக்கும் கட்டளையும், வட்டில் இருந்தே அடியோடு அழிக்கும் கட்டளையும் ஒரே பட்டியலில்தான் குடியிருக்கின்றன.

இவற்றைக் குற்றமாகச் சொல்லவில்லை. தினமும் இதில் புழங்குபவருக்கு இவை கைப்பழக்கம். பயன்பாட்டு எளிமை என்பது திரையில் மட்டும் இருக்கும் குணம் இல்லை, பார்ப்பவருக்கும் திரைக்கும் நடுவே இருப்பது. ஆள் மாறினால் எளிமையும் மாறுகிறது.

அதனால்தான் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு ஒரு மேலடுக்கைச் செய்ய ஆரம்பித்தன. எமர்சனின் டெல்டாவி விர்ச்சுவல் ஸ்டூடியோ ஹைப்பர்-வி மேல் அமர்ந்த மென்பொருள். ஹனிவெல்லின் எக்ஸ்பீரியன் அமைப்பின் மெய்நிகர் ஏற்பாடு வி.எம்.வேரைச் சார்ந்தது. எத்தனை கோர், எவ்வளவு நினைவகம், எந்த வலையட்டை எந்த வலையில் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் திரைக்குப் பதில், ஆபரேட்டர் நிலையம் வேண்டுமா, பொறியாளர் நிலையம் வேண்டுமா என்று ஆலையின் மொழியில் கேட்டு, மற்றதை ஆயத்த வார்ப்பில் இருந்து எடுத்துக்கொள்ளும் திரை இங்கே வேண்டும். கேள்விகள் குறைந்தால் தவறான பதில்களும் குறையும். கட்டுப்பாட்டு வலையின் கேபிளை அலுவலக வலையில் செருகுவதற்குச் சமமான பிழையை நிஜ உலகில் செய்ய, கேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவாவது வேண்டும், வி.எம்.மில் ஒரு பட்டியலில் ஒரு வரி தவறினால் போதும்.

ஆனால் வார்ப்புகளும் தெளிவான பெயர்களும் சுலபமான பகுதி. கடினமானது, தொடக்கத்தில் பார்த்த அந்த விளக்கு.

மேலாண்மைத் திரையில் வி.எம்.முக்கு எதிரே ‘ரன்னிங்’ என்று இருக்கும். அதற்கு என்ன பொருள்? மெய்நிகர் மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே விண்டோஸ் நீலத்திரையில் விழுந்து கிடந்தாலும் அது ரன்னிங்தான். த்ரீ மைல் ஐலண்டின் மின்சுருள் விளக்கேதான் இது. இதைச் சரிசெய்ய, வி.எம்.முக்குள் ஒரு சிறு நிரலை வைத்து, சில நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லவைத்தார்கள். இதயத்துடிப்பு என்றே அதற்குப் பெயர். அதுவும் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். விண்டோஸ் நன்றாக இருக்கலாம், அதன் மேல் ஓடும் அலாரம் சர்வர் உறைந்து போயிருக்கலாம். அலாரம் சர்வர் ஓடிக்கொண்டிருக்கலாம், கன்ட்ரோலரில் இருந்து பத்து நிமிடமாக ஒரு எண்ணும் வராமல் இருக்கலாம். ஆபரேட்டருக்கு வேண்டியது இந்தக் கடைசிச் செய்திதான். ஹைப்பர்வைசருக்குத் தானாகத் தெரியாததும் இதுதான். நல்ல மென்பொருள் இந்த அடுக்குகளைத் தனித்தனியாகக் காட்டும். தெரியாததைத் தெரியாது என்று சாம்பல் நிறத்தில் போடும். நான் ஒரு திரையை மதிப்பிட வேண்டும் என்றால் முதலில் தேடுவது இந்தச் சாம்பல் நிறத்தைத்தான். எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டும் திரை, தெரியாத இடங்களையும் பச்சையில் நிரப்பியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்.

பச்சை பொய்யாகும் இன்னொரு இடம் உண்டு. ஆலையில் முக்கியமான சர்வர்களை இரட்டையாக வைப்பார்கள். ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். அவை இரு தனிப் பெட்டிகளாக இருந்தவரை இந்த ஏற்பாட்டைக் கண்ணால் பார்க்க முடிந்தது. வி.எம். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை ஒரு சர்வரில் இருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் வசதியை வி.எம்.வேர் 2003-ல் கொண்டுவந்தது. சுமை கூடிய சர்வரில் இருந்து குறைந்த சர்வருக்குத் தானாக நகர்த்தும் வசதி பின்னர் வந்தது. தரவு மையத்துக்கு அது வரப்பிரசாதம். ஆலையில், இரட்டையரில் ஒன்று ஒருநாள் நகர்ந்து மற்றது இருக்கும் சர்வரிலேயே வந்து உட்கார்ந்தால்? இரண்டுக்கும் நேராகப் பச்சை, சுமையும் சீர், அலாரம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு சர்வரின் மதர்போர்டு போனால் இரண்டும் சேர்ந்து போகும். இவை இரண்டையும் சேர்த்து வைக்காதே என்று விதி எழுத மென்பொருளில் இடம் உண்டு. ஆனால் எவை இரட்டையர் என்று ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். கட்டுப்பாட்டு அமைப்பைப் புரிந்துகொண்ட மென்பொருள் என்றால் இரட்டையரை அதுவே அறிந்து, பிரித்துவைத்து, பிரிக்க முடியாதபோது கூச்சல் போட வேண்டும்.

ஸ்னாப்ஷாட் சங்கதியும் இப்படிப் பச்சைக்குப் பின்னால் வளரும் ஆபத்துதான். பேட்ச் என்ற மென்பொருள் திருத்தத்தைப் போடும் முன் வி.எம்.மின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைத்துக்கொண்டு, கெட்டுப்போனால் திரும்பிவிடலாம். அருமையான வசதி, அருமை என்பதாலேயே எடுத்ததை அழிக்க மறந்துவிடுகிறார்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் இருந்து நடக்கும் மாற்றங்கள் எல்லாம் தனிக் கோப்பில் சேரும். நொடிக்கு நொடி எழுதும் ஹிஸ்டோரியனில் அந்தக் கோப்பு வீங்கிக்கொண்டே போகும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது வி.எம்.வேரின் அறிவுரை. வட்டு நிரம்பினால் ஹைப்பர்-வி அந்த வி.எம்.மை நிறுத்திவைத்துவிடும், அதே வட்டைப் பகிர்ந்துகொள்ளும் மற்றவையும் சேர்ந்து நிற்கலாம். ஸ்னாப்ஷாட் எடுக்கும் முறையில் நடந்த மேம்பாடு சுவையானது. விண்டோஸ் சர்வர் 2016-ல் மைக்ரோசாஃப்ட் ‘ப்ரொடக்‌ஷன் செக்பாயிண்ட்’ என்ற ஸ்னாப்ஷாட் முறையைக் கொண்டுவந்து அதையே இயல்பு அமைப்பாகவும் ஆக்கியது. நினைவகத்தை அப்படியே உறையவைப்பதற்குப் பதில், உள்ளே இருக்கும் தரவுத்தளங்களுக்குச் சொல்லி அவற்றை ஒழுங்கான நிலைக்குக் கொண்டுவந்து பிடிக்கும் முறை அது. திரையில் புதிய பொத்தான் எதுவும் முளைக்கவில்லை. பழைய பொத்தானே, எதையும் யோசிக்காமல் அழுத்துபவருக்கும் நல்லதைச் செய்ய ஆரம்பித்தது.

தவறு நடக்கும் நொடியில் தடுக்கும் வேலை வேறு. 2014 மே 27 அன்று ஜாயன்ட் என்ற அமெரிக்க கிளவுடு நிறுவனத்தில், புதிதாகச் சேர்த்த சில சர்வர்களை மறுதொடக்கம் செய்ய ஒரு நிர்வாகி கட்டளை எழுதினார். எழுத்துப் பிழையால் அது தரவு மையத்தின் எல்லாச் சர்வர்களையும் குறித்தது. கருவி மறுபேச்சு பேசாமல் எல்லாவற்றையும் மறுதொடக்கம் செய்தது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையிலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது: ஒரு கட்டளையில் ஓர் அளவு தவறிப்போக, வேண்டியதைவிட அதிகமான சர்வர்கள் கழன்றன, இணையத்தின் கணிசமான பகுதி சில மணி நேரம் தள்ளாடியது. அதன் பின் அமேசான் செய்த திருத்தம் கவனிக்கத்தக்கது. சர்வர்களை மெதுவாக மட்டுமே கழற்றும்படியும், தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும் எந்தக் கட்டளையையும் ஏற்காதபடியும் கருவியை மாற்றினார்கள்.

‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும் சின்னப் பெட்டிக்கு நாம் அனைவரும் யோசிக்காமல் ‘ஆம்’ கொடுத்துப் பழகியவர்கள். அது காவல் ஆகாது. பின்விளைவைச் சொல்வதுதான் காவல்: ‘இதை அணைத்தால் இரண்டாவது பாய்லருக்கு ஒரே ஒரு ஆபரேட்டர் நிலையம்தான் மிஞ்சும், அதன் இரட்டையர் ஏற்கெனவே பராமரிப்பில் இருக்கிறது.’ இப்படி ஒரு வரி வந்தால் தூக்கக் கலக்கத்திலும் கை நிற்கும். அந்த வரியை எழுத, எது எதற்கு இரட்டையர், எது எந்த யூனிட்டைப் பார்க்கிறது என்று மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அலாரங்களுக்கு வருவோம். மில்ஃபோர்டு ஹேவனுக்குப் பின், 1999-ல் ஈமுவா என்ற பிரிட்டிஷ் பொறியியல் அமைப்பு தனது 191-ஆம் வழிகாட்டியை வெளியிட்டது. அமைதியான ஓட்டத்தில் ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் வரக்கூடாது என்பது அதன் அளவுகோல். ஒரு சர்வர் விழும்போது அதில் குடியிருந்த வி.எம்.கள் ஒவ்வொன்றும், அவற்றின் வலை இணைப்பு ஒவ்வொன்றும், காப்புப்பிரதி வேலை ஒவ்வொன்றும் தனித்தனியே ஒப்பாரி வைத்தால் இந்த அளவுகோல் முதல் நிமிடத்திலேயே காற்றில் போய்விடும். காரணம் ஒன்று, செய்தியும் ஒன்றாக இருக்க வேண்டும். 2009-ல் வந்த ஐ.எஸ்.ஏ. 18.2 என்ற அலாரத் தரநிலை, உடனே செய்ய ஒரு வேலை இருந்தால்தான் அது அலாரம் என்கிறது. சர்வரின் மின்விசிறி ஒன்று நின்றால் ஆபரேட்டர் என்ன செய்ய முடியும்? அது பராமரிப்புப் பிரிவுக்குப் போக வேண்டிய குறிப்பு. உங்கள் நிலையத்துக்கு மாற்று இல்லாமல் போய்விட்டது என்பது ஆபரேட்டருக்குப் போக வேண்டிய செய்தி. இரண்டையும் ஒரே சிவப்பில் காட்டுவது சோம்பேறித்தனம்.

இவ்வளவு எளிமையும் நல்லதுதானா என்றால், எப்போதும் இல்லை. ஆலைக்காரருக்கு எளிதானது திருடனுக்கும் எளிது. வி.எம்.வேரின் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ ஹைப்பர்வைசரை நிறுவனத்தின் விண்டோஸ் பயனர் பட்டியலோடு இணைத்தால், அங்கே ‘ஈ.எஸ்.எக்ஸ். அட்மின்ஸ்’ என்ற பெயரில் ஒரு குழு இருந்தால் அதில் உள்ள அனைவருக்கும் தானாகவே முழு அதிகாரம் கிடைத்துவந்தது. நிர்வாகியின் வேலையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. அப்படி ஒரு குழுவைத் தாங்களே உருவாக்கிக்கொண்டு தரவைப் பூட்டிவைத்துப் பணயம் கேட்கும் கும்பல்கள் உள்ளே நுழைந்ததை 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஒவ்வொரு வி.எம்.மையும் தனித்தனியே பூட்டத் தேவையில்லை. வீட்டுக்காரரைப் பிடித்தால் குடியிருப்பவர் அத்தனை பேரும் பிடிபட்டார்கள். ஆகவே ஆலையின் ஹைப்பர்வைசரை அலுவலகப் பயனர் பட்டியலில் சேர்க்காமல் தனியே வைப்பதும், அழிக்கும் அதிகாரத்தையும் பார்க்கும் அதிகாரத்தையும் பிரிப்பதும், இன்னொரு கடவுச்சொல் கேட்டு எரிச்சலூட்டுவதும் வேண்டியவையே. எந்த இடத்தில் சிரமத்தை விட்டுவைப்பது என்று தெரிந்து விட்டுவைப்பதும் வடிவமைப்பின் வேலைதான்.

இப்போது எல்லைக்கோடு மேலும் நகர்கிறது. இதுவரை தனிப் பெட்டியாக இருந்த கன்ட்ரோலரே மென்பொருளாகிறது. சீமென்ஸ் 2023-ல் எஸ்7-1500வி என்ற மெய்நிகர் கன்ட்ரோலரை (பி.எல்.சி.) அறிவித்தது. ஜெர்மனியில் நெக்கார்சுல்ம் அருகே உள்ள ஆடி கார் ஆலை, உற்பத்தி வரிசையின் கணினிகளை உள்ளூர் சர்வர்களுக்கு மாற்றும் திட்டத்தில் இறங்கியிருக்கிறது. ஆபரேட்டரின் திரை இருண்டால் ஆலை கண் தெரியாமலாவது ஓடும் என்று மேலே சொன்ன ஆறுதல் இந்த ஏற்பாட்டில் கிடையாது. மேலாண்மைத் திரையில் ‘மறுதொடக்கம்’ என்று இருக்கும் பொத்தானுக்குப் பின்னால் இப்போது நேரடியாக ஒரு மோட்டாரோ வால்வோ ரோபோவின் கையோ இருக்கும். அந்தப் பொத்தானை அழுத்த அனுமதிக்கும் முன் மென்பொருள் பார்க்க வேண்டியது சர்வரின் சுமையை அல்ல, வரிசை நின்றிருக்கிறதா, கை காலியாக இருக்கிறதா என்பதை. அந்தத் தகவல் கன்ட்ரோலர் நிரலுக்குள் இருக்கிறது, ஹைப்பர்வைசருக்குள் இல்லை. ஒன்றை எழுதுவது ஆட்டோமேஷன் பொறியாளர், மற்றதை எழுதுவது கணினிப் பொறியாளர். பெரும்பாலான ஆலைகளில் இவர்கள் இருவரும் இன்னும் வேறு வேறு கட்டடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்.